என் தங்கையின் எட்டாவது வரி

1

இந்தக் கதை ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொடங்கியது. என் மகளுக்கு அடையாள அட்டை வாங்கப் போயிருந்தேன். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"புதுசா சட்டம் வந்திருக்கு. அம்மா பேரையும் போட்டுக்கலாம். போடவா?"

"போடுங்க."

"சொல்லுங்க."

எங்கள் ஊரில் வீட்டுப் பெண்ணின் பெயரை அந்நிய ஆண்கள் காதில் போடுவது மானக்கேடு; என் வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து ஆண்கள். காது மடல் சூடாகிவிட்டது. ஒரு துண்டுத் தாள் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பர்தாவுக்குள்ளிருந்து தன் பெயரைத் தானே சொல்லிவிட்டாள், கணீரென்று. வரிசை மொத்தமும் கூரையைப் பார்த்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஒரு காலத்துல ஹெராத்தையே கலக்கின ராப் பாடகராம்! பொண்டாட்டி பேரைச் சொல்ல நாக்கு எழும்பலையே!"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே நாக்குதான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் முந்நூறு ஆண்களுக்கு நடுவில், கையில் மைக்கோடு, ஒரு பெண்ணின் பெயரைக் கத்தியது. அவள் என் தங்கை. சொல்லச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. அதை எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

ஹெராத் நகரில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்க—

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளில் அண்ணன் நல்லவனாக இருப்பான்.)

ராப் என்பது வாய் கட்டப்பட்ட இளைஞர்களின் குரல். கட்டுப்பெட்டியான ஒரு சமூகத்தில்—

(இதையும் அடித்தேன். அப்போது எங்களைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டு போன வாக்கியம். "அப்படித்தானே?" என்று கேட்டார். நான் பலமாகத் தலையாட்டினேன். உண்மையில் என் சிநேகிதன் மீர்வைஸிடம் ஒரு பழைய கணினி வந்து சேர்ந்தது, அதனால் ஆரம்பித்தோம். வாய் கட்டப்பட்டிருந்தது என்பதும் பொய்யில்லை. ஆனால் யார் வாய் என்பதில் அவரும் நானும் சேர்ந்தே தப்புப் பண்ணினோம்.)

அவள் பெயர் ஷகீபா.

(பொய். அது அவள் பெயரில்லை. அந்தப் பெயரை வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இந்த ஷகீபா எடுத்ததற்கெல்லாம் அழுதாள். ஜன்னலோரம் நின்று அழுதாள், மாவு பிசைந்துகொண்டே அழுதாள். என் தங்கை அழுது நான் பார்த்ததே கிடையாது. இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.)

ஆகவே இந்தக் கதையில் அவள் வெறும் தங்கை. அட, இவனுக்கு இன்னும் அந்த வெட்கம் போகவில்லை என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான். போகவில்லை.

3

என் பெயர் ஃபவாத். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கணினியில் எழுத்துக் கோர்ப்பது என் வேலை. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் மணமகன் பெயர் இருக்கும், அவன் அப்பா பெயர் இருக்கும், மணமகளின் அப்பா பெயர் இருக்கும். மணமகள் பெயர் இருக்காது. 'ஹாஜி இன்னாரின் அருமை மகள்' என்று போடுவோம். அந்த வேலையில் இருந்த காலத்தில் ஆயிரம் கல்யாணமாவது கோர்த்திருப்பேன். ஒரு மணப்பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.*

*எங்கள் அம்மா எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கல்லறைக் கல்லில் 'உஸ்தா கயூமின் மனைவி' என்றுதான் இருக்கிறது.

உஸ்தா கயூம் என் அப்பா. ரிக்ஷா ரிப்பேர் செய்பவர்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் ஊரில் 'உஸ்தா' என்போம். சிநேகிதன் மீர்வைஸ் பஜாரில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். கடையின் பின்னறையில் நான்கு சுவரிலும் பஞ்சு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டு, நடுவில் நின்று பாடுவோம். வேர்த்து ஊற்றும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முல்லா எங்களைப் பற்றி இரண்டு தடவை பேசினார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாய் மாதிரி குரைக்கிறார்கள் என்றார். எங்களுக்கு அதில் ஒரே பெருமை. இரண்டாவது தடவை பேசியபோது மீர்வைஸ் அதை ரகசியமாகப் பதிவு பண்ணி எங்கள் பாட்டின் பீட்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்டான். அவ்வளவு தைரியம் எனக்கில்லை.

பாட்டும் எனக்கு அவ்வளவாக வராது. இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. முதலில் கண்டுபிடித்தவள் தங்கைதான். அவளுக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போலானி ரொட்டிக்குள் வைக்கக் கீரை நறுக்கிக்கொண்டே என் பாட்டைக் கேட்டாள். அண்ணனை அவள் 'லாலா' என்பாள்.

"லாலா, 'நான் சிங்கம், நான் சிங்கம்'னு பாடறியே, நேத்து பல்லியைப் பார்த்துட்டு அலறினது யாரு?"

"ராப்னா அப்படித்தான் பாடணும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் பாடறாங்க."

"அப்ப அவங்களே பாடிட்டுப் போகட்டும். நீ எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "பெரிய மேதை! நீதான் எழுதேன் பார்ப்போம்" என்றேன்.

எழுதிவிட்டாள். கடையில் அச்சுப் பிழையான பத்திரிகைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதில் ஒன்றின் பின்பக்கத்தில், எட்டு வரி. ஏழு எனக்கு இன்னும் மனப்பாடம்:

என் தெருவை நான் காதால் படித்தேன்
ரொட்டிக்காரன் மணி, ரிக்ஷாவின் இருமல்
பாபாவின் செருப்புச் சத்தத்தில் அன்றைய வியாபாரம்
பக்கத்து வீட்டுப் புது மருமகள் இன்னும் சிரிக்கவில்லை
இந்தத் தெருவில் நான் நின்றதில்லை
நின்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்
கேளுங்கள், ஒரு நாள் முழுக்கச் சொல்கிறேன்

படித்துவிட்டு, தாளைத் திருப்பி அச்சுப் பிழை எங்கே என்று தேடினேன். பொறாமை. வேறென்ன?

"பாடிக்கோ. உனக்குத்தான். ஆனா ஒரு எழுத்தை மாத்தினாலும் உனக்கு இந்த வீட்டுல ரொட்டி கிடையாது, ஆமா."

"மாத்தலை."

"சத்தியம்?"

"சத்தியம்."

4

மீர்வைஸ் பாட்டைக் கேட்டுவிட்டு, "டேய், குருடன் பாடற மாதிரி இருக்கு. ஆனா உள்ள வந்து அடிக்குதுடா" என்றான். அப்புறம் தலையைச் சொறிந்தான். "கடைசி வரிதான் உப்புச் சப்பில்லாம இருக்கு. மெதுவா முடியுது. கூட்டம் கத்தணும்ல?"

அவன் சொன்னதற்காக மாற்றினேன் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். மாற்ற வேண்டும் என்று எனக்கே இருந்தது. யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஏழு வரியும் அவளுடையது. ஒன்றிலாவது நான் இருக்க வேண்டாமா?

அந்த வியாழக்கிழமை பிற்பகல், ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. நாற்காலிகளில் முந்தைய நாள் கல்யாணத்தின் சாட்டின் முடிச்சுகளை இன்னும் அவிழ்க்கவில்லை. முந்நூறு பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஏழு வரி பாடும்வரை மண்டபம் மூச்சு விடவில்லை. எட்டாவதாக நான் பாடினேன்:

நான் ஃபவாத், ஹெராத்தின் சிங்கம், வழியை விடு!

மண்டபமே எழுந்து கத்தியது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சத்தியம் வாங்கிய தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. சரி, அவளுக்கும் ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றியது. கையில் மைக் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நுணல் மட்டுமாக இருந்தால் தேவலை.

"இந்தப் பாட்டை எழுதினது என் தங்கச்சி!" என்று சொல்லி, அவள் பெயரைக் கத்தினேன். இரண்டு தடவை.

கைதட்டல் பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒருவன் தரையைப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள், நீளமாக.

மறுநாள் கடையில் மீர்வைஸ் பதிவைப் போட்டுக் காட்டினான். "கடைசில அந்தப் பேரை வெட்டிடவா? ஒரு நிமிஷ வேலை."

"எதுக்குடா வெட்டணும்? பெருமையாத்தானே சொன்னேன்."

"பெருமைதான். ஆனா ஊரு..."

"ஊரு என்ன ஊரு! நாம எதுக்குப் பாடறோம்?"

(வாசகரே, இந்த இடத்தில் என்னைப் பிடித்து உலுக்குங்கள். ஒரு நிமிட வேலை என்று சொன்னான்.)

5

இந்தப் பகுதியின் முதல் பாதி நடந்தபோது நான் அங்கே இல்லை. அப்பா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்று அப்பாவிடம் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ரிக்ஷாக்காரர் ரொம்ப நாள் கழித்து, விஷயம் தெரிந்த பிறகு, என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னது இது.

பத்து நாள் கழித்து. பாட்டு ஊரெங்கும் எல்லாருடைய போனிலும் ஏறிவிட்டது. அப்பா ரிக்ஷாவுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார். கால் மட்டும் வெளியே. ரிக்ஷாக்காரர் மேலே உட்கார்ந்து பாட்டை வைக்கிறார்.

"உஸ்தா, இதைக் கேளுங்க. எவனோ செருப்புச் சத்தத்துலயே வியாபாரத்தைச் சொல்றான்!"

அடியிலிருந்து, "ம். நல்லாத்தான் இருக்கு."

"கடைசியைக் கேளுங்க. வெக்கங்கெட்ட பய, கூடப் பொறந்தவ பேரையே கூட்டத்துல போட்டு உடைக்கிறான்."

பெயர் வந்தது. இரண்டு தடவை. அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. ரிக்ஷாக்காரர் குனிந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பேனர் மறுபடி சுற்றியது. அப்பா வேலையை முடித்து, வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டிப் பாருங்க, சரியா இருக்கும்" என்றாராம். அப்புறம் நடுப்பகலில் கடையைச் சாத்தினார்.

வீட்டில் நான் இருந்தேன். கத்துவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையிடம்தான் கேட்டார்.

"அந்தப் பாட்டு நீ எழுதினதா?"

"ஆமா பாபா."

"புது மருமக சிரிக்கலைன்னு இருக்கே. அது கம்பளிக்காரர் வீட்டுப் பொண்ணா?"

"ஆமா."

"ம்." துணியில் கையை மறுபடி துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம். சொல்லைக் கொட்டிட்டியேடா. எப்படி அள்ளுவ?"

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. தங்கை வகுப்புக்குப் போகும் வழியில் பையன்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். பெண்கள் கூட்டமாகப் போனால் பின்னாலிருந்து அந்தப் பெயரைக் கத்துவது. எவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று பார்ப்பது. அவர்களில் பாதிப் பேர் என் ரசிகர்கள். கேலிக்குக்கூட இல்லை, பாட்டு எழுதியவளைப் பார்க்க ஆசை. தங்கை தன் பெயருக்குத் திரும்பாமல் நடக்கப் பழகினாள். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. அப்பா கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அப்பா, "போக வேண்டாம்மா" என்றார். கோரியானிலிருந்து அத்தை வந்தார், மகனுக்குப் பெண் கேட்டு. இந்தப் பெயருக்கு அப்புறம் வேறு யார் கேட்பார்கள் என்று அத்தை வாசலில் நின்றே சொன்னார். தேர்வு நடந்த அன்று வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது.

நான் அதற்கப்புறம் பாடுவதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். விடவில்லை. இன்னும் நான்கு மாதம் பாடினேன். போன இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். பாடினேன், சிங்கத்தோடு.

6

அவளுடைய கல்யாணப் பத்திரிகையையும் நான்தான் கோர்த்தேன். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? மணமகன் பெயர் போட்டேன். அத்தை வீட்டுக்காரர் பெயர் போட்டேன். பிறகு அவள் பெயரைக் கோர்த்தேன். திரையில் அது கொஞ்ச நேரம் நின்றது. அழித்துவிட்டு, 'உஸ்தா கயூமின் அருமை மகள்' என்று போட்டேன்.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். வாசித்தாள்.

"இப்ப மட்டும் ஞாபகமா பேரை விட்டுட்ட லாலா."

நான் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சுடும்மா. உன் பேரைச் சொன்னது தப்பு. பெரிய தப்பு."

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"பேருக்கா மன்னிப்புக் கேக்கற? பேரு போனா போகுது. என் கடைசி வரி எங்கே?"

நான் மாதிரித் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"நான் பேரா கேட்டேன்? வரியை மாத்தாதேன்னு ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்? அதையும் மாத்திட்டு, அந்தச் சிங்கத்தை நான் எழுதினேன்னு ஊருக்கே சொல்லிட்டியே. அம்மாடி! அந்தச் சிங்கத்துக்காக நான் வகுப்புக்குப் போகாம உக்காந்திருக்கேன். என் வரிக்காகன்னாகூடப் பரவாயில்லை, லாலா. பெருமையா உக்காந்திருப்பேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் என்ன செய்தேன் என்பது. அதுவரை ஊர் பொல்லாதது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் பொல்லாததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியை ஊரா மாற்றியது?

7

இனி இந்தக் கதையின் வெட்கக்கேடான இடம். ஷகீபாவை அழவைத்ததும், ரிக்ஷாவுக்கு அடியில் போய்ப் படுத்ததும், இந்த இடத்துக்கு வராமல் தப்பிக்கத்தான்.

அந்த எட்டாவது வரி எனக்கு மறந்துவிட்டது.

அவள் எழுதிய பத்திரிகையை மீர்வைஸிடம் கொடுத்திருந்தேன். மீர்வைஸ் கடையை விற்றுவிட்டு ஜெர்மனி போய்விட்டான். கேட்டால், "எந்தக் காகிதம்டா?" என்கிறான். நான் எழுதிய மட்டமான வரி என் மண்டையில் மட்டுமல்ல, இந்த ஊரில் முப்பது வயதைத் தாண்டிய பாதி ஆண்கள் மண்டையில் இருக்கிறது. இன்றும் பஜாரில் என்னைப் பார்த்தால் "வழியை விடு!" என்று கத்துகிறார்கள். அவள் எழுதியது என் மண்டையில்கூட இல்லை. ஈரத் துணி என்று ஏதோ வரும். கதவும் வரும். அவ்வளவுதான் தங்கியிருக்கிறது.

ஈரத் துணி காய்வதற்குள் கதவு

கதவுக்கு இந்தப் பக்கம் ஓர் ஈரத் துணி, அது

சொல்லி முடிக்கும்போது துணி காய்ந்திருக்கும், கத

ஒன்றும் அதில்லை. மூன்றிலும் நான் இருக்கிறேன்.

8

முடிவுகள். இரண்டு தயாரித்திருக்கிறேன்.

ஒன்று: கோரியானில் தங்கை வேறொரு பெயரில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் ஒரு பத்திரிகையில் ஒரு கவிதையைப் பார்க்கிறேன். எட்டாவது வரியில் எனக்கு ஆளே தெரிந்துவிடுகிறது. (நானே அழுதுவிட்டேன், எழுதும்போது. அதனாலேயே சந்தேகம்.)

இரண்டு: அவள் கணவன் கொடுமைக்காரன். நான் போய் அவளை அழைத்து வருகிறேன். (அவன் தங்கமான மனிதன். முலாம்பழம் பயிரிடுகிறான். வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு மூட்டை அனுப்புகிறான். அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.)

போன வாரம், அடையாள அட்டை வாங்கிய மறுநாள், நிஜமாகவே போன் போட்டேன். அவன்தான் எடுத்தான். நலம் விசாரித்துவிட்டு, "இதோ, வீட்டுல கொடுக்கறேன்" என்றான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். பின்னால் ஒன்று எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன லாலா, திடீர்னு?"

"நம்ம கதையை எழுதிட்டிருக்கேன்."

"பாட்டா?"

"இல்லை, கதை."

"பேரு போட்டிருக்கியா?"

"போடலை. போடச் சொன்னா போடறேன்."

"இப்ப யாரும் கூப்பிடறதில்லை அந்தப் பேரை. மூத்தவன் ஹாமிதோட அம்மாதான் நான் இங்க. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். சிங்கம் வராம பார்த்துக்க."

சிரித்தாள். பழைய சிரிப்புதான். அதில் எனக்குத் தைரியம் வந்தது.

"கடைசி வரி... அது எப்படி வரும்?"

"எந்தக் கடைசி வரி?"

"உன்னோட எட்டாவது வரி."

பிள்ளை அழுவது மட்டும் கேட்டது.

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்மா."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொல்லேன். இந்தத் தடவை ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன். சத்தியமா."

"மாத்த மாட்ட. தெரியும்" என்றாள். கோபமே இல்லை குரலில். "ஆனா சொல்ல மாட்டேன் லாலா. உங்கிட்ட ஒருதடவை கொடுத்துப் பார்த்தாச்சு. அது எங்கிட்டயே இருக்கட்டும். துணி மடிக்கும்போது நானே சொல்லிப்பேன். இன்னும் நல்லாத்தான் இருக்கு. சரி, இவன் விடமாட்டேங்கறான், வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

ஆக, கதைக்கு முடிவில்லை. முடிக்க எனக்குத் தெரியாமல் இல்லை. நேற்றிலிருந்து மூன்று வரி வந்திருக்கிறது, மூன்றும் கைதட்டல் வாங்கும். எழுதவில்லை. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் ஏதாவது தோன்றும். என்னுடையதைவிட நல்லதாகவே தோன்றும். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த இடம் அவளுடையது.

கேளுங்கள், ஒரு நாள் முழுக்கச் சொல்கிறேன்

.......................................................